எறும்பு வராத வீடு

காலையில் அடுப்படிக்கு வந்த மைதிலியின் கண்ணில் முதலில் பட்டது அந்த லட்டுதான். முந்தின நாள் சாயங்காலம் மகள் அக்ஷரா பாதி கடித்துவிட்டுத் தரையிலேயே வைத்துப்போன தீபாவளி லட்டு. கடித்த இடத்தில் சர்க்கரைப் பாகு பளபளத்தது. உதிர்ந்த பூந்திகள் நாலைந்து சுவரோரம் உருண்டு கிடந்தன. ஒன்றில்கூட எறும்பு இல்லை.

துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அவள் கொஞ்ச நேரம் நின்றாள். இந்த வீட்டில் ஒரு துளி டீ சிந்தினால், துணியெடுத்து வருவதற்குள் எறும்பு வந்துவிடும். ராத்திரி முழுக்கக் கிடந்த லட்டில் ஒன்றுகூட இல்லை என்றால் நம்ப முடியவில்லை. குனிந்து லட்டைப் புரட்டிப் பார்த்தாள். அடியிலும் இல்லை.

"என்னங்க, நாம ஜெயிச்சுட்டோம்" என்றாள், ராத்திரி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த கணவனிடம்.

தவசிக்கு மண்ணரைப் பகுதியில், பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனியில் வேலை. சட்டை, தலைமுடி, புருவம் எல்லாவற்றிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். லட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நாப்பது நாளு சண்டை போட்டிருக்கியே புள்ள. ஒனக்குப் பயந்துதான் ஓடியிருக்கும்."

சண்டைதான். மன்னவனூர் மலையில் பிறந்து வளர்ந்தவள் மைதிலி. அந்தக் குளிரில் காய்ச்சிய பாலை மூடாமல் வைத்தாலும் விடியும்வரை அப்படியே இருக்கும். இந்தப் பனியன் ஊருக்கு வந்து இறங்கிய முதல் ராத்திரியே அரிசிப் பையில் வண்டு ஊர்ந்தது. மறுநாள் கதவு மூலையிலிருந்து கரப்பான் பறந்து வந்து அவள் கழுத்தில் உட்கார்ந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு புழுக்கம் ஏறியதும் செவ்வெறும்பு, கட்டெறும்பு, பூரான், பேர் தெரியாத ஈரப் பூச்சிகள் என்று நாளுக்கொரு படை வந்தது. கட்டில் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினாள். வேப்பிலை புகை போட்டாள். வாசல்படியில் எறும்புச் சாக்பீஸால் கோடு இழுத்தாள். துணிக்கு நடுவே அந்துருண்டை, மூலைக்கு மூலை மஞ்சள்தூள், கைக்கு எட்டும் இடத்தில் கரப்பான் ஸ்ப்ரே. எதுவும் நிற்கவில்லை.

பிறகுதான் அவை வரும் வழியைக் கண்டுபிடித்தாள். வாசல் வழியாக வரவில்லை. பின்னறைச் சுவரின் அடியில், தரையைத் தொடும் இடத்தில், விரல் நீளத்துக்குப் பல விரிசல்கள் இருந்தன. அங்கிருந்துதான் எல்லாம் வந்தன. அந்தச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். தொட்டால் கை ஈரமாகும். உள்ளே தூரத்தில் ஏதோ மெஷின் ஓடுவதுபோலத் தொம், தொம் என்று ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் துணிக்கு நீராவி கொடுக்கும் ஒரு ஷெட் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார்கள். "பாய்லரு இருக்கும். அதான் சூடு" என்று தவசி சொல்லியிருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளை சிமெண்ட் வாங்கிவந்து அவனே ஒவ்வொரு விரிசலாகப் பூசினான். மைதிலி டார்ச் பிடித்தாள். அடைக்கும்போது கடைசி விரிசலிலிருந்து எறும்புகள் அவசர அவசரமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து, வாயில் வெள்ளை முட்டைகளைக் கவ்வியபடி கொட்டிக்கொண்டே இருந்தன. அவற்றின்மேலேயே அவன் சிமெண்டை அப்பினான்.

அதற்கப்புறம் மூன்று நாள் மைதிலி நன்றாகத் தூங்கினாள்.

நான்காம் நாள் பல்லி இல்லை என்பது தெரிந்தது. டியூப் லைட்டுக்குப் பின்னால் குடியிருந்து, அக்ஷரா பேர் வைத்துக் கூப்பிட்ட பல்லி. பூச்சி இல்லாவிட்டால் பல்லிக்கு என்ன சாப்பாடு, போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒட்டடை அடிக்க ஏறியபோது உத்தரத்தின் மூலையில் வலை மட்டும் இருந்தது. சிலந்தி இல்லை. வலையில் முன்பே சிக்கி உலர்ந்த ஓர் ஈ மட்டும் தொங்கியது.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்த மறந்துவிட்டாள். ஆறு மணிக்கு மேல் கதவு திறந்திருந்தால் கொசு அள்ளிக்கொண்டு போய்விடும் ஊர். பதறிப்போய் ஓடிவந்தவள் நிலைப்படியில் நின்றாள். வாசலில் அவள் தலை உயரத்துக்குக் கொசுக்கூட்டம் புகைபோலச் சுழன்றுகொண்டிருந்தது. ரீங்காரம் காதில் கேட்டது. நிலைக்கு இந்தப் பக்கம் ஒன்று இல்லை. கதவு இருக்கும் இடத்தில் கண்ணாடி போட்டதுபோல, அந்தக் கூட்டம் அங்கே வந்து, திரும்பி, மறுபடி வந்து, திரும்பியது.

ஒரு காகிதத்தை எடுத்துவந்து வாசற்படிக்குக் கீழே போய்க்கொண்டிருந்த கட்டெறும்பு ஒன்றை ஏற்றினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. காகிதத்தை உள்ளே கொண்டுவந்து தரையில் வைத்தாள். எறும்பு அசையாமல் நின்றது. உணர்கொம்பு இரண்டும் நடுங்கின. பிறகு திரும்பி, எறும்பு ஓடி அவள் பார்த்திராத வேகத்தில், நேர்கோட்டில், வாசலைப் பார்த்து ஓடியது.

அவள் காகிதத்தைக் கசக்கி எறிந்தாள்.

"இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன். அதுக்கும் ஒரு குத்தமா?" என்றான் தவசி. "அடைச்சோம், போயிருச்சு. விடு புள்ள."

விட முடியவில்லை. ஏனென்றால் அக்ஷராவுக்கு அந்தச் சுவர் பிடித்துப்போயிருந்தது. நாலு வயசு. அடுத்த ஜூனில்தான் பள்ளிக்கூடம். பகல் முழுக்கப் பின்னறையில் விளையாடுவாள். இப்போதெல்லாம் விளையாட்டுச் சாமான்களை எடுப்பதில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலை நீட்டி, சும்மா உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் சுட்டு, உள்ளே புழுக்கம் அவித்தெடுக்கும் மத்தியானத்தில் யாராவது சூடான சுவரில் சாய்வார்களா? இழுத்துவந்து ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தால், மைதிலி அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் மறுபடி அங்கே போயிருப்பாள்.

"ஏன் கண்ணு அங்க ஒக்காருற? சுடலையா?"

"இல்லம்மா. நல்லாருக்கு."

கவுன் முதுகுப்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். வியர்வை வாசனை இல்லை. ஈரப் பஞ்சும், புளித்த பாலும், கைக்குழந்தையின் வாயும் சேர்ந்த ஒரு வாசனை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை கரண்ட் ஷட்டவுன் வந்தது. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதுதான். ஆனால் மைதிலிக்கு இது முதல் தடவை. ஃபேன் நின்றதும் தவசி பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடி நிழலுக்குப் போய்விட்டான். அக்ஷரா பின்னறையில் இருந்தாள். நாலு மணி வாக்கில் மைதிலி ராத்திரிக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஊர் எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பது தெரிந்தது. தெரு முழுக்க ஓடும் தையல் மெஷின்கள், எதிர்ச் சந்தின் நிட்டிங், எங்கேயோ விசிலடிக்கும் நீராவி, பாட்டு, மிக்ஸி, எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடியிருந்தன. கொஞ்ச நேரம் பெரிய கம்பெனிகளின் ஜெனரேட்டர் தூரத்தில் உறுமியது. காற்று திசை மாறியதும் அதுவும் போய்விட்டது. சைக்கிள் ஒன்று போகும் சத்தம். ஒரு காக்கை. பிறகு எதுவும் இல்லாத அமைதி.

அந்த அமைதியில் சுவர் மட்டும் தொம், தொம் என்றது.

கீரையைக் கீழே வைத்தாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். மெஷின் சத்தம் என்று இத்தனை நாள் அவள் நினைத்திருந்தது கரண்ட் இல்லாமலும் ஓடிக்கொண்டிருந்தது. நிதானமாக. கொஞ்சம்கூட வேகம் குறையாமல். ஷெட்டிலும் ஜெனரேட்டர் வைத்திருப்பார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு எழுந்தாள். ஆனால் கால் முன்வீட்டைப் பார்த்துத்தான் போனது.

வீட்டுக்காரம்மா சாரதாமணி வாசலில் உட்கார்ந்து பனியன் துணிக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். மைதிலியைப் பார்த்ததும் கத்திரியைக் கீழே வைத்தார்.

"வா கண்ணு. கரண்ட் இல்லாம ஊட்டுக்குள்ள வெந்துபோயிருப்பியே. புள்ளை எங்க?"

"உள்ள வெளையாடுறாளுங்கம்மா. பின்னாடி ஷெட்டுல ஜெனரேட்டர் இருக்குங்களா? சத்தம் கேக்குது."

"எந்த ஷெட்டுங்க கண்ணு?"

"நம்ம சொவத்துக்கு அந்தப் பக்கம். பாய்லரு ஓடுதே."

சாரதாமணி சிரித்தார். "அது சாத்தி மூணு வருசமாச்சே கண்ணு. மிசினு, பாய்லரு எல்லாம் அப்பவே கழட்டி வித்துப்போட்டாங்க. தகரங்கூட இல்ல. வெறும் மண்ணுதான் கெடக்குது."

"சொவரு சூடா இருக்குதுங்களே?"

"வெயில் படுதல்லோ." அதற்குமேல் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பூச்சியெல்லாம் எப்படி இருக்குது? போன மாசம் அழுதுட்டு நின்னியே."

"இப்ப ஒண்ணுமே இல்லீங்கம்மா. ஓட்டையை அடைச்சுட்டோம்."

"அப்படியா!" அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். "ஏனுங்க கண்ணு, அந்த ஊட்டுக்குக் குடிவந்தவிய ஒருத்தராச்சும் பூச்சி தாங்கலைன்னு சொல்லாம இருந்ததில்லை. இல்லைன்னு சொல்ற மொத ஆளு நீதான்."

திரும்பி நடந்தபோது மைதிலியின் மண்டைக்குள் ஒரே காட்சிதான் ஓடியது. டார்ச் வெளிச்சத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து, முட்டையைக் கவ்விக்கொண்டு வந்த எறும்புகள். அவை அவள் வீட்டுக்குள் வரவில்லை. அந்தச் சுவரைவிட்டு வெளியே ஓடின. அவள் வீடு வழியில் இருந்தது, அவ்வளவுதான். நாற்பது நாளும் அவற்றை மருந்தடித்துச் சுவருக்குள்ளேயே விரட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

கடைசி பத்தடியை ஓடினாள்.

பின்னறையில் அக்ஷரா தூங்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தபடியே. முதுகு சுவரில். தலை சாய்ந்து, ஒரு கன்னமும் சுவரில். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் இரண்டு பக்கமும் தரையோரமாக விரிசல்கள் திறந்திருந்தன. வெள்ளை சிமெண்ட் உடைந்து விழுந்திருந்தால் துண்டுகள் தரையில் கிடக்க வேண்டும். ஒரு துகள்கூட இல்லை. நக்கி எடுத்ததுபோல விளிம்பெல்லாம் வழவழவென்று சுத்தமாக இருந்தது.

மைதிலி குழந்தையைத் தூக்கக் குனிந்தாள். அப்போது தரையில் ஏதோ அசைந்தது.

பஞ்சு. தவசி துணி உதறும்போது விழுந்து, மூலையில் சேர்ந்து கிடக்கும் பஞ்சு. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. பஞ்சு உருண்டைகள் மெல்ல நகர்ந்து விரிசலை நோக்கிப் போயின. விரிசலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றன.

பிறகு திரும்பி வந்தன.

மறுபடி போயின. நின்றன. வந்தன.

வெதுவெதுப்பான காற்று அவள் கால்விரலில் பட்டது. புளித்த பால் வாசனை.

போயின. நின்றன.

அக்ஷராவின் நெஞ்சைப் பார்த்தாள். பஞ்சு போகும்போது அது ஏறியது. பஞ்சு வரும்போது இறங்கியது. பிசகாமல்.

இரண்டு கையாலும் குழந்தையை அள்ளி இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். ஈரத்தோலிலிருந்து ஈரத்தோல் பிரியும் சத்தத்தோடு கன்னம் விடுபட்டது. பிறகு முதுகு. சுவரில் குழந்தையின் உருவம் அச்சாகப் பதிந்திருந்தது. தலை. தோள். இரண்டு சின்னக் கைகள். அந்த இடம் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. மைதிலி பார்க்கப் பார்க்க, அது மெல்ல வெளியே புடைத்து, சமமாகி, மறுபடி உள்வாங்கியது.

தொம்.

மாடிப்படியில் எப்படி ஏறினாள் என்பது நினைவில்லை. தவசியை உலுக்கி எழுப்பி, "கெளம்புங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் கீழே இறங்கிப் பின்னறைக்குள் போனான். வெளியே வந்தபோது அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். ஒரு பையில் கைக்குக் கிடைத்த துணியைத் திணித்தான். பொழுது சாயும் நேரத்துக்கு மூன்று பேரும் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் இருந்தார்கள். பழைய பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து பழனி, அப்படியே மலை.

கரண்ட் வந்திருந்தது. நிழற்குடையின் வெள்ளை விளக்கைச் சுற்றி மழைக்காலத்துப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஈசல், விட்டில், பச்சைப் பூச்சி, வண்டு. ஷிப்ட் முடிந்து நின்ற பெண்கள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒரு கிழவர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். மைதிலியின் கழுத்தில் ஒரு விட்டில் விழுந்தது. முன்கையில் கொசு ஒன்று உட்கார்ந்து கடித்தது.

அவள் அடிக்கவில்லை. குடிக்கட்டும் என்று விட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்துவிட்டோம் என்பதற்கு அந்த அரிப்பைவிட என்ன வேண்டும்? தவசியின் சட்டையில் ஈசல்கள் ஒட்டியிருந்தன. அவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

பிறகு மடியில் தூங்கும் குழந்தையைப் பார்த்தாள்.

அக்ஷராவின் மேல் ஒன்றும் இல்லை. முகத்தில் இல்லை. பாகு ஒட்டிய விரல்களில் இல்லை. கவுனில் இல்லை. சிமெண்டு பெஞ்சின்மேல் ஓர் எறும்புச் சாரை நேராக வந்து, குழந்தையின் தொங்கும் காலுக்கு ஒரு சாண் முன்பே வளைந்து, அரைவட்டமாகச் சுற்றி, அந்தப் பக்கம் போய் மறுபடி நேரானது.

"என்னங்க" என்றாள்.

அவள் கைமேல் இருந்த கொசு பாதியில் ஊசியை உருவிக்கொண்டு பறந்தது. தவசியின் சட்டையிலிருந்து ஈசல்கள் இறங்கின. விளக்கைச் சுற்றிய கூட்டம் ஒருமுறை விரிந்தது. இன்னும் விரிந்தது. பிறகு ஒட்டுமொத்தமாக ரோட்டைத் தாண்டி இருட்டுக்குள் போய்விட்டது. விளக்கு மட்டும் வெறுமையாக எரிந்தது.

"அப்பாடா, ஒழிஞ்சுதுங்க" என்றார் கிழவர், துண்டைத் தோளில் போட்டபடி.

மைதிலி குழந்தையைத் தவசியின் மடிக்கு மாற்றினாள். எழுந்தாள். தனியாக நடந்தாள். நிழற்குடைக்குப் பின்னால், இருபதடி தள்ளி, சாக்கடை ஓரம். அங்கே கொசுக்கள் தூண் மாதிரி எழும்பிச் சுழன்றுகொண்டிருந்தன. ஆயிரம் இருக்கும். பத்தாயிரம் இருக்கும். குழந்தை இங்கே இல்லை. அவள் மட்டும்தான். ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். கையை நீட்டினாள்.

வாங்க, என்று உதட்டுக்குள் சொன்னாள். கடிங்க.

கையைத் தூணுக்குள் விட்டாள்.

கூட்டம் பிளந்தது. அவள் விரல்களைச் சுற்றி, மணிக்கட்டைச் சுற்றி, முழங்கைவரை, ஒரு சாண் விலகி, அவள் கையின் வடிவத்திலேயே ஒரு வெற்றிடம். ரோட்டில் பஸ் வரும் வெளிச்சம் விழுந்தது. தவசி கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. அந்த வெற்றிடத்துக்குள் தன் ஐந்து விரல்களும் அந்தச் சுவரைப்போலவே நனைந்து, மினுமினுத்து, சொட்டத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.